போட்டிச் சட்ட ஆலோசனை யாருடைய மேசைக்கு வர வேண்டும்?

1982 பிப்ரவரியில், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்த ராபர்ட் கிராண்டல், போட்டி நிறுவனமான பிரானிஃபின் தலைவர் ஹோவர்ட் புட்னமுடன் தொலைபேசியில் பேசினார். டல்லஸ் விமான நிலையத்தை மையமாகக் கொண்டு இயங்கிய இரு நிறுவனங்களும் ஒரே தடங்களில் கடுமையாக மோதிக்கொண்டிருந்த காலம் அது. நீங்கள் கட்டணத்தை 20 விழுக்காடு உயர்த்துங்கள், மறுநாள் காலையில் நானும் உயர்த்திவிடுகிறேன் என்று கிராண்டல் யோசனை சொன்னார். விலையைப் பற்றி நாம் பேசக் கூடாது என்று புட்னம் மறுத்துவிட்டார். உரையாடலை ஒலிப்பதிவும் செய்திருந்தார். உடன்பாடு எதுவும் ஏற்படவில்லை. ஆனாலும் அந்தப் பதிவு அரசின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. எதிராளி மறுத்துவிட்ட அந்த யோசனையே சந்தையை ஏகபோகமாக்கும் முயற்சியாக அமையக்கூடும் என்று 1984இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்த விவகாரத்தில் ஒப்பந்தத் தாள் ஏதும் கிடையாது. அந்த நிறுவனத்தின் சட்டப் பிரிவு தன்னிடம் வந்த எல்லா ஆவணங்களையும் வரிவரியாகப் படித்திருந்தாலும் அந்தத் தொலைபேசி அழைப்பு அதன் கண்ணில் பட்டிருக்காது. வரிச் சட்டமோ சுற்றுச்சூழல் சட்டமோ விண்ணப்பம், கணக்கு, உரிமம் என்று தாள்களின் வழியே இயங்குவதால், தாள்களைச் சரிபார்ப்பவர்கள் பிழைகளில் பெரும்பகுதியைப் பிடித்துவிட முடிகிறது. போட்டிச் சட்ட மீறலோ பெரும்பாலும் பேச்சில் பிறக்கிறது: சங்கக் கூட்டம் முடிந்த பிறகு நடக்கும் உரையாடலில், பழைய சக ஊழியருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியில், டீலர் ஒருவரின் புகாருக்கு விற்பனை மேலாளர் அவசரமாகச் சொல்லும் பதிலில். எனவே, ஒரு நிறுவனம் பெறும் ஆலோசனையின் தரத்தை அதன் கையேட்டின் பக்க எண்ணிக்கையைக் கொண்டு அளக்க முடியாது. விற்பனை, கொள்முதல், மனிதவளம் ஆகிய பிரிவுகளில் இருப்பவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே அந்த ஆலோசனை அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்பதே இங்கு முதன்மையான கேள்வி.

சட்டம் எதைத் தடுக்கிறது

அமெரிக்காவின் ஷெர்மன் சட்டம் 1890இல் இயற்றப்பட்டது. ஐரோப்பாவில் 1957ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கையில் இடம்பெற்ற விதிகளே இன்று ஐரோப்பிய ஒன்றியச் செயற்பாட்டு உடன்படிக்கையின் 101, 102ஆம் பிரிவுகளாக இருக்கின்றன. இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தின் 3, 4ஆம் பிரிவுகள் 2009 மே 20 முதல் நடைமுறைக்கு வந்தன. சொற்களும் நடைமுறைகளும் நாட்டுக்கு நாடு மாறினாலும் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான்: போட்டியைக் கெடுக்கும் உடன்பாடுகளுக்குத் தடை, சந்தையில் ஆதிக்க நிலையில் இருப்பவர் அதைத் தவறாகப் பயன்படுத்தத் தடை, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவன இணைப்புகளுக்கு முன்அனுமதி.

இவற்றுள் முதல் வகையில் ஒரு முக்கியமான பிளவு உண்டு. போட்டியாளர்கள் தங்களுக்குள் விலையை நிர்ணயிப்பது, வாடிக்கையாளர்களையோ பகுதிகளையோ பங்கிட்டுக்கொள்வது, உற்பத்தியைக் குறைத்துக்கொள்வது, டெண்டரில் யார் வெல்வது என்று முன்கூட்டியே முடிவு செய்வது ஆகியவற்றில், அதனால் சந்தைக்குக் கெடுதல் நேர்ந்ததா என்ற ஆராய்ச்சிக்குச் சட்டம் பெரும்பாலும் இடமளிப்பதில்லை. இந்தியச் சட்டத்தின் 3(3)ஆம் பிரிவு கெடுதல் நேர்ந்ததாகவே அனுமானித்துக்கொள்கிறது. தயாரிப்பாளருக்கும் விநியோகஸ்தருக்கும் இடையிலான உடன்பாடு போன்ற மற்றவற்றிலோ விளைவுகளை எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆலோசனை கேட்டு வரும் கேள்வி இந்த இரண்டில் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று பிரிப்பதே வழக்கறிஞரின் முதல் வேலை. முதல் பக்கத்தில் விழுந்தால், வணிகக் காரணம் எவ்வளவு நியாயமாகத் தோன்றினாலும் பதில் பெரும்பாலும் ஒரே சொல்லில் முடிந்துவிடும்.

தண்டனையின் அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் போட்டிச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் ஐரோப்பிய ஆணையம், நிறுவனத்தின் உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 10 விழுக்காடு வரை அபராதம் விதிக்கலாம். போட்டியாளர்கள் விலை, சந்தை போன்றவற்றில் கூடிச் செய்யும் சதிக்குக் கார்டெல் என்று பெயர். அமெரிக்காவில் அது கிரிமினல் குற்றம். நிறுவனத்துக்கு 10 கோடி டாலர் வரை அபராதம், தனிநபருக்கு 10 ஆண்டுகள் வரை சிறை, அதற்கும் மேல் பாதிக்கப்பட்டவர்கள் தொடுக்கும் வழக்குகளில் மும்மடங்கு இழப்பீடு. இந்தியாவில் கார்டெல் நீடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் லாபத்தின் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலின் 10 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அது வரை போகலாம். 2017இல் எக்ஸெல் கிராப் கேர் வழக்கில் உச்ச நீதிமன்றம், மீறலோடு தொடர்புடைய பொருளின் விற்றுமுதலை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும் என்றது. 2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமோ விற்றுமுதல் என்பதை உலகளாவிய விற்றுமுதலாக விரித்தது. பழைய தீர்ப்பை மனத்தில் வைத்து அபாயத்தைக் கணக்கிட்டுவைத்திருந்த நிறுவனங்கள் அந்தக் கணக்கைத் திரும்பப் போட வேண்டியதாயிற்று.

போட்டியாளரோடு பேசும் இடங்கள்

எத்தனை சந்திப்புகள் நடந்தால் அது சதியாகும் என்று நிர்வாகிகள் கேட்பதுண்டு. ஒன்றே போதும் என்பதுதான் ஐரோப்பிய நீதிமன்றத்தின் விடை. நெதர்லாந்தின் கைபேசிச் சேவை நிறுவனங்கள் ஐந்தின் பிரதிநிதிகள் 2001 ஜூனில் ஒரே ஒரு முறை கூடினார்கள். டீலர்களுக்குத் தரும் ஊக்கத்தொகையைக் குறைப்பது பற்றி அங்கே பேசப்பட்டது. போட்டியாளரின் திட்டத்தைத் தெரிந்துகொண்டவர் அதன் பிறகும் சந்தையில் இயங்கிக்கொண்டிருந்தால், அந்தத் தகவலை அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார் என்றே அனுமானிக்கலாம் என்றும், ஒற்றைச் சந்திப்பும் அதற்குப் போதுமானதாகலாம் என்றும் 2009இல் நீதிமன்றம் கூறியது. வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன் என்ற வாதத்துக்கு இதனால் வலுவில்லாமல் போகிறது.

லித்துவேனியாவின் எட்யூராஸ் வழக்கு இதற்கும் ஒரு படி மேலே போனது. பயண முகமை நிறுவனங்கள் பல பொதுவாகப் பயன்படுத்திய முன்பதிவு மென்பொருளின் நிர்வாகி, இணையவழித் தள்ளுபடி இனி 3 விழுக்காட்டைத் தாண்டாது என்று 2009இல் அந்த மென்பொருளுக்குள்ளேயே எல்லாருக்கும் செய்தி அனுப்பினார். முகமைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டதற்குச் சான்று இல்லை. அந்தச் செய்தியைப் படித்திருந்தும் எதிர்ப்புத் தெரிவிக்காதவர்கள், மற்ற சூழ்நிலைகளும் அதற்குப் பொருந்தி வந்தால், மௌனமாக உடன்பட்டதாகக் கருதப்படலாம் என்பது 2016இல் வந்த தீர்ப்பின் சாரம். அதிலிருந்து விடுபடும் வழிகளையும் நீதிமன்றமே காட்டியது: வெளிப்படையாக விலகிக்கொள்வது, அதிகாரிகளிடம் தெரிவிப்பது, தொடர்ந்து அதைவிட அதிகமான தள்ளுபடி தந்திருப்பதை நிரூபிப்பது. தினமும் நூறு செய்திகள் வந்து விழும் பெட்டியில் ஒன்றைப் படித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும் ஊழியரை இந்தத் தீர்ப்பு எங்கே நிறுத்துகிறது என்பதைப் பயிற்சி வகுப்புகளில் சொல்லியே ஆக வேண்டும்.

தொழில்துறைச் சங்கங்களும் வணிகச் சங்கங்களும் சட்டப்பூர்வமான அமைப்புகளே. அரசிடம் கோரிக்கை வைக்கவும் தரநிலைகளை வகுக்கவும் அவை தேவைப்படுகின்றன. ஆனால் போட்டியாளர்கள் எல்லாரும் ஒரே அறையில் உட்கார்வதற்கு அவை ஒரு நியாயமான காரணத்தைத் தந்துவிடுகின்றன என்பதும் உண்மை. கால்நடைத் தீவனத்தில் சேர்க்கும் லைசின் என்ற பொருளின் விலையில் நடந்து 1990களில் அம்பலமான கார்டெலில், நிறுவனங்கள் தங்கள் ரகசியச் சந்திப்புகளுக்கு மறைப்பாக ஒரு சங்கத்தையே உருவாக்கியிருந்தன. உள்ளிருந்த ஒருவரின் உதவியோடு எஃப்பிஐ அந்தச் சந்திப்புகளைப் பதிவு செய்தது. அதில் பங்கேற்ற ஏடிஎம் நிறுவனம் 1996இல் 10 கோடி டாலர் அபராதத்துக்கு உடன்பட்டது. ஆகவே சங்கக் கூட்டத்துக்குப் போகிறவருக்கு வழக்கறிஞர்கள் தரும் அறிவுரை பழக்கத்தைச் சார்ந்ததாகவே இருக்கும். நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே வந்திருக்க வேண்டும். நிரலில் இல்லாதது பேசப்பட்டால், விலை, கொள்ளளவு, வாடிக்கையாளர் என்ற சொற்கள் காதில் விழுந்த உடனே மறுப்பைச் சொல்ல வேண்டும். பேச்சு தொடர்ந்தால் எழுந்து வெளியேற வேண்டும். வெளியேறியது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று உறுதி செய்துகொண்டு அன்றே சட்டப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். சந்தடியில்லாமல் நழுவிப் போவது நாகரிகமாக இருக்கலாம். சட்டத்தின் முன் அது விலகலாக நிற்பது கடினம்.

இங்கே எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். போட்டியாளர்களின் விலைகள் ஒன்றாக இருப்பது மட்டுமே சதிக்குச் சான்றாகிவிடாது. சமையல் எரிவாயு உருளைத் தயாரிப்பாளர்கள் டெண்டரில் ஒரே மாதிரியான விலைகளைக் குறிப்பிட்டதற்காக இந்தியப் போட்டி ஆணையம் அபராதம் விதித்திருந்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வாங்குபவர்கள் மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்கள் மட்டுமே என்னும்போது, அவர்கள் விதிக்கும் நிபந்தனைகளுக்குள் விலைகள் தாமாகவே நெருங்கிவரக்கூடும் என்பது நீதிமன்றம் கண்ட காரணங்களுள் ஒன்று. போட்டியாளரின் வெளிப்படையான விலைப்பட்டியலைப் பார்த்துத் தன் விலையைத் தானே மாற்றிக்கொள்வதும் குற்றமன்று. அந்தப் பட்டியல் எங்கிருந்து கிடைத்தது என்பதைக் கோப்பில் குறித்துவைத்தால், சில ஆண்டுகள் கழித்து விசாரணை வரும்போது அது போட்டியாளரே அனுப்பியதன்று, வாடிக்கையாளர் காட்டியது என்று நிறுவ முடியும். மிகச் சிறிய பழக்கம்தான். வழக்குகளில் அது இல்லாமல் தவிக்கும் நிறுவனங்கள் பல.

தகவல் பரிமாற்றத்தில் இன்னொரு சிக்கல், பழைய பாதுகாப்பு எல்லைகள் அழிந்துவருவது. அமெரிக்காவில் மருத்துவத் துறைக்கென 1990களில் வெளியான வழிகாட்டுதலில் ஒரு வசதி இருந்தது: தரவு மூன்று மாதத்துக்கு மேல் பழையதாகவும், குறைந்தது ஐந்து நிறுவனங்களிடமிருந்து மூன்றாம் தரப்பினரால் திரட்டப்பட்டதாகவும், எந்த ஒரு நிறுவனத்தின் பங்கும் 25 விழுக்காட்டைத் தாண்டாததாகவும் இருந்தால், அந்தக் கணக்கெடுப்பு பொதுவாகக் கேள்விக்கு உள்ளாகாது. மருத்துவத்தைத் தாண்டி மற்றத் துறைகளும் அதையே அளவுகோலாகக் கொண்டன. 2023 பிப்ரவரியில் நீதித்துறை அமைச்சகம் அந்த வழிகாட்டுதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. போட்டிச் சட்டத்தை அமல்படுத்தும் மற்றோர் அமைப்பான கூட்டாட்சி வர்த்தக ஆணையமும் பின்னர் அதையே செய்தது. அந்த அளவுகோலை எழுதிவைத்த கையேட்டை இன்னும் நம்பியிருக்கும் நிறுவனம், இல்லாத சுவரில் சாய்ந்து நிற்கிறது.

விற்பனைப் பிரிவுக்கு ஆண்டுதோறும் பயிற்சி தரும் நிறுவனங்கள்கூட மனிதவளப் பிரிவை மறந்துவிடுவது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது. ஊழியர்களும் ஒரு சந்தைதான். அவர்களை வேலைக்கு எடுப்பதில் நிறுவனங்கள் போட்டியாளர்களாகின்றன, அவை விற்கும் பொருட்கள் முற்றிலும் வேறாக இருந்தாலும். ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி, இன்டியூட், பிக்சார் ஆகிய ஆறு நிறுவனங்களும் ஒருவர் ஊழியரை மற்றவர் அழைப்பதில்லை என்ற உடன்பாடுகளைக் கைவிடுவதாக 2010இல் அமெரிக்க அரசுடன் சமரசத்துக்கு வந்தன. ஊழியர்கள் தொடுத்த வழக்கில் ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி நான்கும் சேர்ந்து தர ஒப்புக்கொண்ட 41.5 கோடி டாலருக்கு 2015இல் ஒப்புதல் கிடைத்தது. ஐரோப்பிய ஆணையம் 2025 ஜூனில் டெலிவரி ஹீரோ, குளோவோ நிறுவனங்களுக்கு 32.9 கோடி யூரோ அபராதம் விதித்தபோது, ஊழியர்களை ஈர்ப்பதில்லை என்ற உடன்பாடும் மீறல்களில் ஒன்றாக இருந்தது. அந்த வழக்கில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு: ஒன்று மற்றொன்றில் சிறுபான்மைப் பங்கு வைத்திருந்ததே தொடர்பு வழியாக அமைந்தது. போட்டி நிறுவனத்தில் சிறு முதலீடு செய்து இயக்குநர் குழுவில் ஓர் இடம் பெறுபவர்கள், அந்த இருக்கையில் எதைக் கேட்கலாம், எதைத் தன் அலுவலகத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்பதற்கு எழுத்தில் விதி வகுத்துக்கொள்ள வேண்டும்.

டீலர், மென்பொருள், ஆதிக்க நிலை

தயாரிப்பாளர் தன் டீலர் விற்க வேண்டிய குறைந்தபட்ச விலையை நிர்ணயிப்பது நாட்டுக்கு நாடு வேறுபடும் விஷயம். அமெரிக்காவில் 1911 முதல் தானாகவே சட்டவிரோதமாக இருந்த இதை, 2007இல் லீஜின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் மாற்றி, விளைவுகளை ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டும் என்றது. ஐரோப்பாவில் அது இன்றும் கடுமையான மீறல். இணையவழிச் சில்லறை விற்பனையாளர்களின் விலையில் தலையிட்டதற்காக ஆசுஸ், டெனான் அண்ட் மராண்ட்ஸ், ஃபிலிப்ஸ், பயனியர் ஆகியவற்றுக்கு 2018இல் மொத்தம் 11.1 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விழுந்தது. இந்தியாவில் டீலர்கள் தள்ளுபடி தருவதைக் கட்டுப்படுத்தியதாக மாருதி சுசூகிக்கு 2021இல் 200 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. வாடிக்கையாளர் வேடத்தில் ஆட்களை அனுப்பி டீலர்களைக் கண்காணித்ததும் ஆணையத்தின் உத்தரவில் பேசப்படுகிறது. ஒரு நாட்டின் தலைமையகத்தில் எழுதிய விநியோக ஒப்பந்தத்தை மொழிபெயர்த்து எல்லா நாடுகளுக்கும் அனுப்புவது இதனால்தான் ஆபத்தாகிறது.

தயாரிப்பாளருக்கும் விநியோகஸ்தருக்கும் இடையிலான செங்குத்து உறவு, போட்டியாளர்களுக்கு இடையிலான கிடைமட்டச் சதியாக மாறும் இடமும் உண்டு. ஒரே விநியோகஸ்தர் பல தயாரிப்பாளர்களின் திட்டங்களைக் கேட்டு மற்றவர்களுக்குக் கடத்தினால், அவர் நடுவில் நிற்கும் அச்சாகவும் தயாரிப்பாளர்கள் ஆரங்களாகவும் ஆகிறார்கள். மின்னூல் விலை விவகாரத்தில் பதிப்பகங்களுக்கு நடுவே ஆப்பிள் வகித்த பங்கு இப்படிப்பட்டதுதான் என்று 2013இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. இந்தியாவின் 2023 திருத்தம், அதே தொழிலில் இல்லாதவரும் உடன்பாட்டை முன்னெடுக்கப் பங்கேற்றால் அதன் பகுதியாகக் கருதப்படுவார் என்று சேர்த்திருக்கிறது. விலையை மென்பொருளிடம் ஒப்படைக்கும் நிறுவனங்களுக்கும் இந்தப் பகுதி பொருந்தும். வீட்டு வாடகையைப் பரிந்துரைக்கும் ரியல்பேஜ் மென்பொருளின் மீது 2024 ஆகஸ்டில் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கின் மையக் கேள்வி, போட்டியாளர்களின் வெளியிடப்படாத தரவு அந்தப் பரிந்துரைக்குள் போகிறதா என்பதே. மென்பொருள் வாங்கும்போது விலையும் வேகமும் கேட்கிறவர்கள் இந்தக் கேள்வியையும் விற்பவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவைக்க வேண்டும்.

ஆதிக்க நிலை பற்றிய ஆலோசனை இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது. ஏனெனில் இங்கே தடைசெய்யப்பட்டதும் திறமையான வணிகமும் வெளித்தோற்றத்தில் ஒன்றாகவே இருக்கும். தன்னிடமே தொடர்ந்து வாங்குபவர்களுக்குத் தரும் விசுவாசத் தள்ளுபடிக்காக ஐரோப்பிய ஆணையம் இன்டெலுக்கு 2009இல் 106 கோடி யூரோ அபராதம் விதித்தது. அந்தத் தள்ளுபடிகள் சம திறமையுள்ள போட்டியாளரை வெளியேற்றக்கூடியவையா என்ற ஆய்வு சரியாகச் செய்யப்படவில்லை என்று 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்த அபராதத்தை ரத்து செய்தது. 2024 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. பதினைந்து ஆண்டுகள் வழக்காடி ஒரு நிறுவனம் வென்றது என்பதைவிட, அந்தப் பதினைந்து ஆண்டுகளும் மற்ற நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் தள்ளுபடி பற்றித் தெளிவில்லாத பதிலையே தர முடிந்தது என்பது ஆலோசனைத் தொழிலுக்கு முக்கியமான செய்தி. இத்தகைய இடத்தில் நேர்மையான ஆலோசகர் ஆம், இல்லை என்று சொல்லாமல் அபாயத்தின் அளவைச் சொல்வார். தள்ளுபடியின் செலவுக் கணக்கை முடிவெடுக்கும் நாளிலேயே எழுதிவைக்கச் சொல்வார். போட்டியாளரை நசுக்கிவிட்டோம் என்ற வீரவசனங்களை உள்மின்னஞ்சலில் எழுத வேண்டாம் என்றும் சொல்வார். உண்மையை மறைப்பதற்காகச் சொல்வதன்று இது. மிகையாக எழுதும் பழக்கம் நடக்காத ஒன்றுக்குச் சான்றாகிவிடுகிறது என்பதற்காக.

சோதனை வரும் நாள்

அதிகாரிகள் காலையில் வந்து நிற்கும்போது வரவேற்பு மேசையில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதே பல நிறுவனங்களின் கையேடுகளில் இல்லை. அடையாளத்தையும் ஆணையையும் சரிபார்ப்பது, வழக்கறிஞரை அழைப்பது, எதையும் அழிக்காமல் வைத்திருப்பது, அதிகாரிகள் எடுக்கும் ஒவ்வொன்றின் பிரதியையும் குறித்துக்கொள்வது ஆகியவை அடிப்படை. இதில் தவறினால், அடிப்படை மீறல் நிரூபிக்கப்படாவிட்டாலும் தனித் தண்டனை உண்டு. ஜெர்மனியின் எயோன் நிறுவனத்தில் 2006ஆம் ஆண்டுச் சோதனையின்போது அதிகாரிகள் இரவில் பூட்டி வைத்த அறைக் கதவின் முத்திரை உடைந்திருந்தது. துப்புரவுத் திரவம் பட்டதால் இருக்கலாம் என்றெல்லாம் நிறுவனம் வாதாடிப் பார்த்தது. 3.8 கோடி யூரோ அபராதம் கடைசி வரை நிலைத்தது. வாசனைப் பொருள் துறையின் ஐஎஃப்எஃப் நிறுவனத்துக்கு 2024இல் 1.59 கோடி யூரோ அபராதம் விழுந்த காரணம், மூத்த ஊழியர் ஒருவர் சோதனையின்போது போட்டியாளருடனான வாட்ஸ்அப் செய்திகளை அழித்தது மட்டுமே. நிறுவனம் ஒத்துழைத்ததால் அது பாதியாகக் குறைக்கப்பட்ட தொகை.

ஆலோசனை எழுதப்படும் தாளுக்கும் பாதுகாப்பு ஒரே மாதிரி இல்லை. வெளி வழக்கறிஞரோடு நடத்தும் கடிதப் போக்குவரத்துக்கு ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் ரகசியத்தன்மை தருகிறது. நிறுவனத்திலேயே சம்பளத்துக்கு இருக்கும் வழக்கறிஞரோடு நடத்தியதற்குத் தருவதில்லை. 2003ஆம் ஆண்டுச் சோதனையொன்றில் கிடைத்த மின்னஞ்சல்கள் தொடர்பாக ஆக்ஸோ நோபல் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் இதை உறுதி செய்தது. அமெரிக்காவில் நிலை வேறு. அங்கே உள்வழக்கறிஞருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. நியூயார்க்கில் பாதுகாப்பாக இருக்கும் அதே மின்னஞ்சல் பிரஸ்ஸல்ஸ் விசாரணையில் எடுத்து வாசிக்கப்படலாம் என்னும்போது, பல நாடுகளில் இயங்கும் நிறுவனத்தின் சட்டப் பிரிவு எதைத் தானே எழுதுவது, எதை வெளி வழக்கறிஞர் வழியாக எழுதவைப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது.

முதலில் போய்ச் சொல்பவர்

உள்விசாரணையில் கார்டெலுக்கான தடயம் கிடைத்துவிட்டால் ஆலோசனையின் தன்மையே மாறிவிடுகிறது. அமெரிக்காவில் முதலில் முன்வந்து ஒப்புக்கொள்ளும் ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே முழு விலக்கு. 2022 முதல், கண்டறிந்த உடனே தெரிவித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்திருக்கிறது. இந்தியாவில் முதலாமவருக்கு 100 விழுக்காடு வரையும், இரண்டாமவருக்கு 50 விழுக்காடு வரையும், மூன்றாமவருக்கு 30 விழுக்காடு வரையும் அபராதக் குறைப்பு கிடைக்கலாம். ஐரோப்பிய லாரி கார்டெலில் 2016இல் ஐந்து தயாரிப்பாளர்களில் நால்வருக்குச் சேர்த்து 293 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. தகவல் தந்த மான் நிறுவனம் ஒரு யூரோவும் கட்டவில்லை. இந்தியாவின் பீர் கார்டெல் வழக்கில் 2021இல் மொத்த அபராதம் சுமார் 873 கோடி ரூபாயாக இருந்தபோது, முதலில் வந்த ஏபி இன்பெவுக்கு முழுத் தள்ளுபடி கிடைத்தது. ஆகவே, தடயம் கிடைத்த வெள்ளிக்கிழமை மாலைக்கும் இயக்குநர் குழு கூடும் அடுத்த வாரத்துக்கும் இடையிலான நாட்களுக்குப் பெரும் விலை இருக்கக்கூடும். முழு விவரமும் திரளும் முன்பே வரிசையில் இடம் பிடித்துவைக்கும் வசதி இந்தத் திட்டங்களில் இருப்பது இதற்காகவே.

அவசரத்தில் மறந்துவிடக் கூடாத ஒன்று, இந்த விலக்கு அரசின் தண்டனையை மட்டுமே நீக்குகிறது என்பது. ஏல நிறுவனங்களான கிறிஸ்டீஸும் சோதபீஸும் 1990களில் கமிஷன் விகிதத்தைச் சேர்ந்து நிர்ணயித்தன. கிறிஸ்டீஸ் முதலில் போய் ஒப்புக்கொண்டதால் அமெரிக்காவில் கிரிமினல் வழக்கிலிருந்து தப்பியது. சோதபீஸின் தலைவர் ஆல்ஃபிரட் டாப்மன் சிறைக்குப் போனார். ஆனால் வாடிக்கையாளர்கள் தொடுத்த உரிமையியல் வழக்கின் 51.2 கோடி டாலர் சமரசத்தில் இரு நிறுவனங்களும் சரிபாதியை ஏற்க வேண்டியிருந்தது. ஆகவே, எந்தெந்த நாடுகளில் விண்ணப்பிப்பது, எங்கெல்லாம் இழப்பீட்டு வழக்கு வரும், ஊழியர்களுக்குத் தனி வழக்கறிஞர் வேண்டுமா என்ற மூன்று கேள்விகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நிறுவன இணைப்புகளைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று சொன்னால் போதும். முன்அனுமதி கோரியாயிற்று என்பதோடு கடமை முடிவதில்லை. அனுமதி வரும் வரை இருவரும் போட்டியாளர்களே. பிடி போர்ச்சுகல் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தை வாங்கிய ஆல்டிஸ், அனுமதிக்கு முன்பே அதன் அன்றாட முடிவுகளில் தலையிட்டதற்காகவும் தகவல்களைப் பெற்றதற்காகவும் 2018இல் 12.45 கோடி யூரோ அபராதத்துக்கு உள்ளானது. நீதிமன்றங்கள் தொகையைச் சற்றுக் குறைத்தாலும் முடிவை மாற்றவில்லை.

இத்தனைக்கும் பிறகு, ஊழியர்கள் சட்டத்தை மீறாமல் இருக்க நிறுவனம் வகுக்கும் இணக்கத் திட்டம் நல்லதாக இருந்தும் மீறல் நடந்துவிட்டால் அதற்கு மதிப்பு உண்டா என்ற கேள்வி எஞ்சுகிறது. ஐரோப்பிய ஆணையம் இல்லை என்கிறது: மீறல் நடந்துவிட்டது என்றால் திட்டம் தன் வேலையைச் செய்யவில்லை, அதற்காக அபராதத்தைக் குறைக்க முடியாது. பிரிட்டனில் 10 விழுக்காடு வரை குறைப்பு கிடைக்கலாம். அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் 2019 முதல், குற்றம் சாட்டுவதா என்று முடிவு செய்யும் கட்டத்திலேயே திட்டத்தின் தரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 2024 நவம்பரில் புதுப்பித்த வழிகாட்டுதலில் அது கேட்கும் கேள்விகளில், தானாக மறைந்துபோகும் செய்திகளை ஊழியர்கள் பயன்படுத்துவதற்கு என்ன விதி இருக்கிறது, விலை நிர்ணய மென்பொருளை யார் மேற்பார்வையிடுகிறார்கள், ரகசியக் காப்பு ஒப்பந்தங்கள் ஊழியர்களைப் புகார் செய்யவிடாமல் தடுக்கின்றனவா என்பவையும் அடங்கும்.